காற்று கெட்ட நாளில் வணிகச் செய்தியின் தொனியும் கெடுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டெல்லியில் வசிக்கும் நீங்கள், நவம்பரில் காற்று மோசமாகும் நாட்களில் அங்கிருந்து வெளிவரும் வணிகச் செய்திகள் வழக்கத்தைவிட இருண்ட தொனியில் இருப்பதாக உணர்கிறீர்கள். இது உண்மைதானா, உண்மையானால் அந்தச் செய்திகளை நம்பிப் பங்குகளை வாங்குவதும் விற்பதும் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மாசு ஒரு செய்தியாகவே வணிகப் பக்கத்துக்குள் நுழைவது ஒன்று. மாசு எழுதுபவரின் நுரையீரலுக்குள் நுழைந்து, மாசோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு நிறுவனத்தைப் பற்றிய அவருடைய சொற்களை மாற்றுவது இன்னொன்று. நீங்கள் கேட்பது இரண்டாவதை. ஆனால் முதலாவதைப் பிரித்து ஓரமாக வைக்காமல் இரண்டாவதைப் பற்றி நேர்மையாக எதுவும் சொல்ல முடியாது.

பதினோர் ஆண்டுகள் டெல்லியில் ஓர் ஆங்கில வணிக நாளிதழின் செய்திப் பிரிவில் துணை ஆசிரியராக இருந்தேன். அதன்பின் இன்றுவரை, பொருளாதாரச் செய்திகளின் தொனியைக் கணினி கொண்டு அளவிடும் ஆய்வுகளில் பணியாற்றி வருகிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆகவே உடலுக்குள் நடப்பதைப் பற்றி மேலோட்டமாகவே சொல்வேன். செய்தி அறைக்குள் நடப்பதையும், சொற்களை எண்ணி அளக்கும்போது நேரும் தவறுகளையும் ஓரளவு உறுதியோடு சொல்ல முடியும்.

இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஐடிஓ சந்திப்பிலிருந்து டெல்லி கேட் நோக்கிப் போகும் பகதூர் ஷா ஜஃபர் மார்க்தான் நீண்ட காலமாக அந்நகரின் பத்திரிகைத் தெரு. பல அலுவலகங்கள் நொய்டாவுக்கு இடம்பெயர்ந்துவிட்டாலும் அந்தத் தெருவின் பெயர் இன்னும் பத்திரிகைத் தொழிலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. டெல்லியின் காற்றை அளக்கும் நிலையங்களுள் அடிக்கடி பெயர் அடிபடும் ஐடிஓ நிலையமும் அதே பகுதியில்தான் இருக்கிறது. அதாவது, நாட்டின் வணிகச் செய்திகளில் கணிசமான பகுதியை எழுதித் திருத்திய மனிதர்கள், நகரின் மிக மோசமான காற்றுகளுள் ஒன்றையே சுவாசித்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தார்கள். பிஎம் 2.5 என்னும் நுண்துகளுக்கு நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த அளவு 15. டெல்லியின் மோசமான நவம்பர் நாட்களில் இது 300ஐத் தாண்டுவதுண்டு. 2024 நவம்பர் 18 அன்று அந்நகரின் சராசரிக் காற்றுத் தரக் குறியீடு 494. குறியீட்டின் உச்சமே 500தான். சன்னலை மூடிக் குளிர்சாதனத்தை ஓடவிட்டால் தப்பிவிடலாம் என்பது பலருடைய நம்பிக்கை. சாதாரணக் குளிர்சாதன வடிகட்டியில் இந்தத் துகள் சிக்காது. கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தபடியே இருக்கும்.

அடுத்து, தொனி என்பது செய்தியில் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வணிகச் செய்தி எண்களால் ஆனது, அதில் எழுதுபவரின் மனநிலைக்கு இடமேது என்று கேட்பவர்கள் உண்டு. எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்த ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு சிமென்ட் நிறுவனத்தின் ஜூலை - செப்டம்பர் காலாண்டு லாபம் 412 கோடி ரூபாய். சென்ற ஆண்டு இதே காலாண்டில் 388 கோடி. இதற்கு முந்தைய ஏப்ரல் - ஜூன் காலாண்டில் 431 கோடி. தரகு நிறுவனங்கள் எதிர்பார்த்தது 420 கோடி. இந்த நான்கு எண்களை வைத்துக்கொண்டு லாபம் 6 சதவீதம் உயர்ந்தது என்று தலைப்புப் போடலாம், லாபம் 4 சதவீதம் குறைந்தது என்றும் போடலாம், எதிர்பார்ப்பை எட்டத் தவறியது என்றும் போடலாம். மூன்றும் உண்மை. மழைக்காலத்தில் கட்டுமானம் குறைந்து சிமென்ட் விற்பனை படுத்துவிடும் என்பதால் சென்ற ஆண்டின் இதே காலாண்டோடு ஒப்பிடுவதுதான் நியாயம் என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆனால் அந்த நியாயத்தை நினைவுகூர்ந்து செயல்பட ஒரு சிறிய உழைப்பு வேண்டும். இரவு பத்து மணிக்கு, பக்கம் முடிக்கும் அவசரத்தில், அந்தச் சிறிய உழைப்பைத்தான் களைத்த மனம் தவிர்க்கப் பார்க்கும். "குறைந்தது" என்பதா, "சரிந்தது" என்பதா, "வீழ்ந்தது" என்பதா, எந்த ஆய்வாளரின் மேற்கோளை இரண்டாம் பத்தியில் வைப்பது, நிர்வாக இயக்குநரின் நம்பிக்கையை எத்தனையாவது பத்திக்குத் தள்ளுவது என்பதெல்லாம் இவ்வாறே தீர்மானமாகின்றன. ஒவ்வொன்றும் சில நொடிகளில் எடுக்கப்படும் முடிவு, எதற்கும் எழுதப்பட்ட விதி கிடையாது.

இதை நான் நேரில் உணர்ந்த ஓர் இரவு உண்டு. 2016ஆம் ஆண்டு தீபாவளி முடிந்த வாரம். தெருவிளக்கைச் சுற்றி மஞ்சள் பஞ்சு மூட்டம்போல் புகை நின்றது. அலுவலகத்துக்குள்ளும் பட்டாசும் நிலக்கரியும் கலந்த வாடை அடித்தது. எதிரே கணினித் திரையைப் பார்க்கப் பார்க்கக் கண் எரிந்து நீர் வழிந்தது. ஒரு நடுத்தர நிறுவனத்தின் காலாண்டு முடிவுச் செய்தியைத் திருத்தி, அந்நிறுவனம் "தடுமாறியது" என்ற பொருளில் ஒரு சொல்லைத் தலைப்பில் போட்டு அனுப்பினேன். எங்கள் தலைமைத் துணை ஆசிரியர் அதை அச்செடுத்து, அந்தச் சொல்லை வட்டமிட்டு, என் மேசைக்கு வந்து, எந்த எண்ணோடு எந்த எண்ணை ஒப்பிட்டு இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அமைதியாகக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. லாபம் சென்ற ஆண்டைவிடக் கூடியிருந்தது, வருவாயும் கூடியிருந்தது, லாப விகிதம் மட்டும் சற்றே இறங்கியிருந்தது. தலைப்பை மாற்றினோம். அன்று என் சொல்லைத் தேர்ந்தெடுத்தது புகைதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அது தொடர்ந்து ஐந்தாவது இரவுப் பணி; வீட்டில் குழந்தைக்கு இருமல். ஒரு மனிதனின் ஓர் இரவு எதற்கும் சான்றாகாது. ஆனாலும் இந்தக் கேள்வியை நான் வாழ்நாள் முழுவதும் விடாமல் பிடித்துக்கொள்ள அந்த இரவே காரணம்.

இனி, உறுதியாகத் தெரிந்தவற்றுக்கு வருகிறேன். கெட்ட காற்று மனிதனின் வேலைத்திறனைக் குறைக்கிறது என்பதில் ஐயம் குறைவு. வெயிலில் உடலை வருத்தும் வேலைக்கு மட்டுமல்ல, நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலைக்கும் இது பொருந்தும். சீனாவில் சிட்ரிப் என்னும் பயண நிறுவனத்தின் ஷாங்காய், நான்டோங் அழைப்பு மையங்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், மாசு கூடிய நாட்களில் பணியாளர்கள் கையாண்ட அழைப்புகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. அழைப்பு ஒவ்வொன்றும் நீளவில்லை. அவர்கள் இடைவேளை எடுப்பதுதான் கூடியிருந்தது. செய்தி அறையில் வேலை செய்தவனுக்கு இந்த நுணுக்கம் முக்கியமானது. கெட்ட காற்று கையைக் கட்டிப்போடுவதில்லை. இடையிடையே எழுந்து போகச் சொல்கிறது, ஊக்கத்தை உறிஞ்சுகிறது. ஆனால் பக்கம் முடிக்கும் நேரத்தில் எழுந்துபோக முடியாத துணை ஆசிரியர் அதே களைப்போடு வேலையை முடித்தே ஆக வேண்டும்.

மனநிலையைப் பற்றியும் நல்ல சான்றுகள் இருக்கின்றன. சீனாவின் 144 நகரங்களில் 2014ஆம் ஆண்டு வெய்போ என்னும் சீனச் சமூக ஊடகத்தில் எழுதப்பட்ட 21 கோடி பதிவுகளை ஆராய்ந்த ஒரு குழு, நுண்துகள் கூடிய நாட்களில் பதிவுகளில் வெளிப்படும் மகிழ்ச்சி குறைவதை 2019இல் காட்டியது. அங்கே குறைவின் அளவு சிறியது: நுண்துகள் ஒரு திட்ட விலக்கம், அதாவது அது வழக்கமாக ஏறி இறங்கும் அளவு, ஏறினால் மகிழ்ச்சிக் குறியீடு 0.043 திட்ட விலக்கம் இறங்கியது. சிறிதென்றாலும், மாசுக்கேற்ப மக்கள் எழுதும் சொற்களே மாறுகின்றன என்பதுதான் நம் கேள்விக்கு வேண்டியது.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஆய்வு, 2021இல் வெளியான, சீன நிதி ஆய்வாளர்களைப் பற்றியது. அங்கே தரகு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் தொழிற்சாலைகளுக்கு நேரில் சென்று பார்த்துவிட்டு லாபக் கணிப்பு எழுதுவார்கள். எந்த நாளில் யார் போனார்கள் என்பது பதிவாகும். அந்த நாளின் காற்றையும் அதன்பின் அவர்கள் எழுதிய கணிப்பையும் ஒப்பிட்டபோது, காற்று மிக நன்றாக இருந்த நாளில் போனவர்களைவிட மிகக் கடுமையாகக் கெட்டிருந்த நாளில் போனவர்கள், உண்மையில் வந்த லாபத்தோடு ஒப்பிடுகையில் 1 சதவீதப் புள்ளிக்கும் மேல் குறைவாகக் கணித்திருந்தார்கள். இத்துடன் நின்றிருந்தால் இந்த ஆய்வு எனக்கு அவ்வளவு பெரிதாகப் பட்டிருக்காது. அதில் மேலும் மூன்று செய்திகள் இருந்தன. பயணத்தை அடுத்த சில வாரங்களில் எழுதிய கணிப்புகளில் மட்டுமே இந்தத் தாக்கம் தெரிந்தது. நாள் கடந்தபின் இல்லை. வெவ்வேறு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் ஒரே நாளில் சேர்ந்து போயிருந்தால் தாக்கம் தணிந்தது. ஏற்கெனவே மாசு மிகுந்த நகரங்களில் வசிப்பவர்களிடம் அது பெரும்பாலும் தென்படவில்லை. ஆய்வாளர்களுக்குச் சொன்னதைச் செய்தியாளர்களுக்கு அப்படியே எடுத்துவைக்கக் கூடாது என்பதை அறிவேன். ஆயினும் ஒரே நிறுவனத்தைப் பார்த்து ஒரே எண்களை எடைபோட்டு எழுதும் வேலையில் இருவரும் மிக நெருங்கியவர்கள். அந்த மூன்றில் இரண்டாவது, எங்கள் தலைமைத் துணை ஆசிரியர் வட்டமிட்ட அந்தச் சொல்லை எனக்கு நினைவூட்டியது.

ஐயத்துக்குரியது எது என்றால், காற்று எந்த வழியாகச் சொல்லுக்கு வந்து சேர்கிறது என்பதுதான். நுண்துகள் உடலில் அழற்சியை உண்டாக்கி மூளையைத் தொடுகிறது என்பது ஒரு விளக்கம். கண் எரிச்சலும் தலைவலியும் பொறுமையைக் குறைக்கின்றன என்பது இன்னொன்று. சாம்பல் நிற வானத்தைப் பார்ப்பதே போதும் என்பது மூன்றாவது. பள்ளிகளை மூடியதால் பிள்ளைகள் வீட்டில், பெற்றோருக்குத் தூக்கமில்லை என்பது நான்காவது, செய்தியாளர்களும் பெற்றோர்கள்தாம். இவற்றுள் எது எவ்வளவு என்று பிரித்துக்காட்டும் அளவுக்கு ஆராய்ச்சி இன்னும் வளரவில்லை. மனநிலை விளக்கத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. 1983இல் நார்பர்ட் ஷ்வார்ட்ஸ், ஜெரால்ட் க்ளோர் என்னும் உளவியலாளர்கள் தொலைபேசியில் மக்களிடம் வாழ்க்கைத் திருப்தியைப் பற்றிக் கேட்டபோது, மழை நாளில் திருப்தி குறைவாக வந்தது. ஆனால் முதலில் அங்கே வானிலை எப்படி என்று கேட்டுவிட்டு அதைக் கேட்டபோது வேறுபாடு மறைந்தது. தன் மனச்சோர்வுக்குக் காரணம் வானிலை என்று நினைவூட்டப்பட்டவர், அதை வாழ்க்கையின் மேல் ஏற்றிச் சொல்லவில்லை என்பது அவர்களின் விளக்கம். டெல்லியின் நவம்பரில் காலை எழுந்தது முதல் எல்லோரும் குறியீட்டு எண்ணையே பேசிக்கொண்டிருப்பதால், அங்கே இந்தப் பிழை குறையக்கூடும் என்று ஒருவர் வாதாடலாம். அந்த 1983 முடிவே நிலையானதா என்பதும் கேள்விக்குள்ளானது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பதில்களை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், அன்றாட வானிலைக்கும் வாழ்க்கைத் திருப்திக்கும் நம்பத்தக்க தொடர்பு காணப்படவில்லை. ஆகவே, மனநிலை என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் விளக்கிவிடுபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

தொனி சற்றே சாய்ந்தால்தான் என்ன, சந்தை அதைப் பொருட்படுத்துமா என்று நீங்கள் கேட்கலாம். பொருட்படுத்துகிறது, சிறிதளவு, சில நாட்களுக்கு. அமெரிக்க வணிக நாளிதழான வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் 1984 முதல் 1999 வரை நாள்தோறும் வந்த சந்தைப் பத்தியின் சொற்களை அளந்து பால் டெட்லாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, அவநம்பிக்கைச் சொற்கள் மிகுந்த பத்திக்கு மறுநாள் விலைகள் இறங்கி, பின்னர் அடிப்படை மதிப்பை நோக்கித் திரும்பியதைக் காட்டியது. புதிய தகவல் எதுவும் அந்தச் சொற்களில் இருந்திருந்தால் விலை திரும்பியிருக்காது. அதே பத்தியை முறைவைத்து எழுதிய செய்தியாளர்கள் யார் யார் என்று பார்த்த 2012ஆம் ஆண்டின் இன்னோர் ஆய்வு, அன்று யார் எழுதினார் என்பதே மறுநாள் சந்தையைக் கணிக்கச் சிறிது உதவுகிறது என்றது. எழுதுபவரின் கைக்கு எடை உண்டு என்பது இவ்விரண்டிலும் தெளிவு. அந்தக் கைக்குப் பின்னால் இருக்கும் உடல் எதைச் சுவாசித்தது என்பதையும் கேட்பது, ஆகவே, வீண் ஆர்வம் அல்ல.

ஆனால் தொனியை அளப்பது எளிதென்று நினைத்துவிடாதீர்கள். என் இப்போதைய தொழிலே அது என்பதால் இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். பொதுவான உணர்ச்சிச் சொல் பட்டியலை எடுத்து நிதி ஆவணங்களில் பொருத்தினால் என்னவாகும் என்று டிம் லௌரனும் பில் மெக்டொனால்டும் 2011இல் சோதித்தார்கள். அந்தப் பட்டியலின்படி எதிர்மறை என்று எண்ணப்பட்டவற்றுள் ஏறக்குறைய முக்கால் பங்கு, வரி, செலவு, மூலதனம், கடப்பாடு போன்ற, நிதித்துறையில் எந்த எதிர்மறைப் பொருளும் இல்லாத சொற்கள். தமிழில் இன்னும் சிக்கல். "கடன்" என்ற சொல்லை எதிர்மறை என்று பட்டியலிட்டால், "வங்கியின் கடன் வளர்ச்சி 14 சதவீதம்" என்ற நல்ல செய்தி கெட்டதாகிவிடும். "வாராக்கடன் குறைந்தது" என்பதில் இரண்டு சொற்களும் தனித்தனியே கெட்டவை. சேர்ந்தால் வங்கிக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை. "நட்டம் பாதியாகச் சுருங்கியது" என்பதும் அப்படித்தான். மாசு நாட்களில் இதன்மேல் இன்னொரு பிழை வந்து சேரும். நச்சு, மூச்சுத்திணறல், அவசரநிலை, தடை என்னும் சொற்கள் அன்று செய்தித்தாள் முழுவதும் நிறைந்திருக்கும். அவற்றை வடிகட்டாமல் எண்ணினால் தொனி இருண்டுவிட்டது என்றே கணினி சொல்லும். அது எழுதுபவரின் மனநிலையை அளந்த கணக்காகாது. அன்று ஊரில் நடந்ததை அளந்த கணக்கு. நீங்கள் உணர்ந்த இருட்டில் ஒரு பங்கு இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நாட்காட்டியும் ஏமாற்றும். டெல்லியின் காற்று கெடுவது அக்டோபர் இறுதியிலிருந்து. பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் தாள் எரிக்கும் காலம், தீபாவளிப் பட்டாசு, காற்று அசையாத குளிர்ந்த இரவுகள் என எல்லாம் ஒன்றுகூடும் நேரம் அது. செப்டம்பர் காலாண்டின் முடிவுகளை நிறுவனங்கள் 45 நாட்களுக்குள், அதாவது நவம்பர் 14க்குள் வெளியிட்டாக வேண்டும் என்பதால் அந்த வாரங்களில் முடிவுகள் வெள்ளமாக வந்து குவியும். நல்ல லாபம் கண்டவர்கள் முந்திக்கொள்வதும், சொல்லத் தயங்குபவர்கள் கடைசி நாட்கள் வரை இழுப்பதும் செய்தி அறையில் அனைவரும் அறிந்த வழக்கம். ஆகவே, யார் எந்தக் காற்றைச் சுவாசித்தாலும் நவம்பரின் இரண்டாம் வாரத்தில் வணிகப் பக்கம் இயல்பாகவே கறுத்துத்தான் இருக்கும். தீபாவளிக்குப் பாதிப்பேர் ஊருக்குப் போய்விட, எஞ்சியவர்கள் இரட்டைப் பளு சுமக்கும் வாரமும் அதுவே. 2016ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் வாரம் முழுவதும் கடும் புகை. பள்ளிகளை மூன்று நாட்கள் மூடினார்கள். 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. மறுநாள் காலை அமெரிக்கத் தேர்தல் முடிவும் சேர்ந்துகொள்ள, சென்செக்ஸ் வர்த்தகத்தின் நடுவே 1,600 புள்ளிகளுக்கு மேல் சரிந்து பின் பெருமளவு மீண்டது. அந்த மாதத்தின் காற்றையும் செய்தித் தொனியையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே மோசமடையும். அதைக் கண்டு, புகைதான் செய்தியைக் கறுப்பாக்கியது என்று எவரேனும் முடிவு கட்டினால் அது பெரும் பிழை.

மாசு உண்மையிலேயே வணிகத்தைப் பாதிக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. டெல்லியில் நடைமுறையில் உள்ள படிநிலைத் திட்டத்தின்படி குறியீடு 400ஐத் தாண்டினால் அத்தியாவசியமற்ற கட்டுமானம் நிற்கும். 450ஐத் தாண்டினால் லாரிகள் நகருக்குள் வரக் கட்டுப்பாடு. சிமென்ட், வீட்டுமனை, சரக்குப் போக்குவரத்து பற்றி அன்று எழுதும் செய்தி எதிர்மறையாக இருந்தால் அது சரியான செய்திதான். மறுபுறம், அதே நாட்களில் காற்றுச் சுத்திகரிப்பான் விற்பனை பெருகியதென்றும் முகக்கவசம் தீர்ந்துபோனதென்றும் உற்சாகமான செய்திகளும் வரும். ஆண்டுதோறும் நவம்பரில் அந்தச் செய்தியைத் திருத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கசந்தேன். பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஓர் அறையின் காற்றை வாங்க முடிந்தவர்களைப் பற்றிய செய்தி அது. விடியற்காலை நான்கு மணிக்கு, புகை தரையோடு தரையாக அழுந்திக் கிடக்கும் நேரத்தில், நாங்கள் முடித்த பக்கங்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்து சைக்கிளில் ஏற்றிப் போகும் மனிதர் அதில் ஒரு வரியாகக்கூட வந்ததில்லை. வணிகச் செய்தியின் தொனியைப் பற்றிக் கவலைப்படும் எவரும், அது எதைக் குறித்து மகிழ்கிறது என்பதையும் சேர்த்தே கவலைப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரியான சோதனை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் இவ்வாறு சொல்வேன். ஒரே நிறுவனத்தின் ஒரே அறிவிப்பு பங்குச் சந்தையின் தளத்தில் ஏறிய அதே மாலை, அதை டெல்லியில் ஒருவரும் மும்பையில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் எழுதுகிறார்கள். நிறுவனத்தின் தொழிற்சாலை கோயம்புத்தூரில் இருந்தால் இன்னும் நல்லது. டெல்லியின் புகை அதன் லாபத்தைத் தொடாது. எண்கள் மூவருக்கும் ஒன்றே, சுவாசித்த காற்று மட்டுமே வேறு. செய்தி நிறுவனங்கள் அனுப்பும் பொதுச் செய்தியை எல்லா ஊர்ப் பதிப்பும் அப்படியே போடும் என்பதால் அவற்றை முதலில் விலக்கிவிட வேண்டும். அதன்பின் காற்றுத் திசையையும் வெப்பத் தலைகீழ் மாற்றத்தையும் துணைக்கு அழைக்கலாம். மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்க, கீழே குளிர்ந்த காற்றும் புகையும் சிறைப்படும் அந்த நிலை என்றைக்கு வரும் என்பதற்கும், எந்த நிறுவனம் என்றைக்கு முடிவு வெளியிடும் என்பதற்கும் தொடர்பில்லை. அப்படிப்பட்ட நாட்களில் மட்டும் டெல்லிச் செய்தியின் சொற்கள் மற்ற ஊர்களைவிட இருண்டால், அதற்குக் காரணம் காற்று என்று சொல்ல நியாயம் பிறக்கும். இதைச் செய்வதில் ஒரு தடை உண்டு. செய்தியில் ஊர்ப் பெயர் டெல்லி என்றிருந்தாலும் அதைத் திருத்தித் தலைப்புப் போட்டவர் பெங்களூரில் இருக்கக்கூடும். யாருடைய நுரையீரலை எந்தச் சொல்லோடு பொருத்துவது என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர் கண்டுபிடிப்பது கடினம்.

இவை எல்லாவற்றையும் எடைபோட்டு நான் கொண்டிருக்கும் கருத்து இது. சான்றுகள் மாறினால் நானும் மாற்றிக்கொள்வேன். தாக்கம் இருக்கிறது, சிறியது, எல்லாச் செய்தியிலும் ஒரே அளவில் இல்லை. நான்கு பேர் கைபட்டு வெளிவரும் காலாண்டு முடிவுச் செய்தியில் அது ஏறக்குறையக் கரைந்துவிடும். சேர்ந்து சென்ற ஆய்வாளர்களிடம் தணிந்ததைப்போல. தனியொருவர் மாலை ஐந்து மணிக்குள் எழுதி முடிக்கும் சந்தை நிலவரத்திலும், கருத்துப் பத்தியிலும், கைபேசிக்கு உடனே அனுப்பும் ஒற்றை வரித் தலைப்பிலும் அது மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். செலவைக் குறைப்பதற்காகத் துணை ஆசிரியர்களின் எண்ணிக்கையை வெட்டிக்கொண்டே போகும் செய்தி அறைகளில் இந்த இரண்டாம் வகை எழுத்துதான் பெருகுகிறது என்பது எனக்குக் கவலை தருகிறது. டெல்லிக்காரர்கள் பழகிவிட்டார்கள், ஆகவே பாதிப்பில்லை என்ற வாதத்தை நான் பாதிதான் ஏற்கிறேன். சீன ஆய்வில் பழக்கம் காத்ததாகத் தெரிந்தது கணிப்பை மட்டுமே. நுரையீரலுக்கு அப்படி ஒரு பழக்கம் கிடையாது.

உங்கள் பணத்தைப் பற்றிய பகுதிக்கு வருகிறேன். குறியீட்டு எண்ணைப் பார்த்து, இன்று காற்று மோசம், செய்தி மிகையாக இருண்டிருக்கும், ஆகவே வாங்குவோம் என்று முடிவெடுக்காதீர்கள். ஆயிரக்கணக்கான செய்திகளைக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும் ஒரு சிறு சாய்வை, ஒரே ஒரு செய்தியில் அடையாளம் காண எவராலும் முடியாது. காற்று எப்படி இருந்தாலும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. தலைப்பில் ஒரு வினைச்சொல் உங்களை உலுக்கினால், அந்நிறுவனம் தேசியப் பங்குச் சந்தையிலோ மும்பைப் பங்குச் சந்தையிலோ தாக்கல் செய்த முடிவு அட்டவணையைத் திறந்து பாருங்கள், இலவசம்தான். அதில் இந்தக் காலாண்டு, முந்தைய காலாண்டு, சென்ற ஆண்டின் இதே காலாண்டு என்று மூன்று நெடுவரிசைகள் அடுத்தடுத்து இருக்கும். லாபத்துக்கான வரியில் விரலை வைத்து இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். தலைப்பு எந்த எண்ணோடு எந்த எண்ணை ஒப்பிட்டு அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது என்பது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.